எச்சம் போல் இருந்த சிலந்தி: சிங்கப்பூரில் ஒரு முதல் பதிவு உறுதியான விதம்

பின்னணி

ஒரு நாட்டில் ஓர் உயிரினத்தை முதன்முதலாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் இரண்டைக் காட்டியாக வேண்டும். கண்டது அந்த இனம்தான் என்பது ஒன்று. இதற்கு முன் அந்த நாட்டில் அதை யாரும் பதியவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை காட்டில் இருக்கிறது. இரண்டாவதற்கு நூலகத்துக்கும், மாதிரிகள் வைத்த பழைய புட்டி அலமாரிகளுக்கும் போக வேண்டும். இங்கே விவரிக்கும் நிகழ்வில் உழைப்பின் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்விக்கே செலவானது.

இதில் வருபவர்கள் யாருடைய பெயரும் இல்லை. சிலந்தியின் இனப்பெயரையும் எழுதவில்லை. இனப்பெயரைச் சொன்னால் பதிவைத் தேடி ஆட்களையும் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். எனவே பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்: சிர்டராக்னே. ஸ்வீடன் நாட்டுச் சிலந்தி ஆய்வாளர் தோரெல் 1868இல் நிறுவிய பேரினம் இது. தோட்டங்களில் வட்ட வலை பின்னும் சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்குக் கிடைத்த இனம் அண்டை நாட்டில் மிகச் சில பெண் சிலந்திகளை வைத்து மட்டுமே அறியப்பட்டிருந்தது.

சிங்கப்பூர் இயற்கை ஆய்வாளர்களின் கண்படாத இடமல்ல. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் புக்கிட் தீமாவில் வண்டுகள் சேகரித்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் வொர்க்மன் இங்கிருந்து சிலந்திகளைக் கொண்டுபோனார். அவற்றில் சிலவற்றை மேலே சொன்ன தோரெலே விவரித்தார். அதன் பின் இத்தீவு தன் மூலக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது. அப்படியிருந்தும் புதிய பதிவுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்குக் காரணம் சிலந்தியின் வாழ்க்கைமுறை. இந்தப் பேரினம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பகலில் சிர்டராக்னே வலையில் இருப்பதில்லை. இலையில் கால்களை மடக்கி, பளபளப்பான அகன்ற வயிற்றோடு அசையாமல் கிடக்கும். பார்ப்பவர்கள் பறவை எச்சம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். இருட்டிய பிறகு வலை பின்னி, விடிவதற்குள் அதைக் கழற்றிவிடும். ஆண் மிகச் சிறியது, ஒரு கடுகு அளவுகூட இருக்காது. பகலில் நடைபாதையில் நின்று தேடும் ஒருவருக்கு இது தட்டுப்படாமல் போவதில் வியப்பில்லை.

முதலில் கண்டது

ஏப்ரல் மாதம். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம், பிற்பகலில் இடியுடன் மழை. பார்த்தவர் துவாஸில் சுழற்சி முறையில் வேலை செய்யும் பராமரிப்புத் தொழில்நுட்பர். பல ஆண்டுகளாக நெருக்கப் படம் எடுப்பவர். கூட வந்தவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய அக்கா மகள். இடம், 19ஆம் நூற்றாண்டில் கேம்பியரும் மிளகும் பயிரிட்டு மண் சத்திழந்த பிறகு தானாக முளைத்த இரண்டாம்நிலைக் காட்டின் ஓரம். சிம்போ ஆயர் புதர்கள் அடர்ந்த பகுதி. ஒரு காலத்தில் தெம்பே என்ற சோயா உணவை மடித்துக் கொடுத்த அந்தப் பெரிய இலை எல்லாருக்கும் தெரியும்.

“மாமா, அந்த எச்சத்துக்குக் கால் இருக்கு” என்று சொன்னவர் அந்தப் பெண்தான்.

அவர்கள் குறித்துக்கொண்டது: பெண் சிலந்தி, வயிறு நீளத்தைவிட அகலம் அதிகம், பாலாடை நிறத்தில் பழுப்புத் திட்டுகள், அகலம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இலைக்காம்பை ஒட்டி இருந்தது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அளவுகோல் வைத்தும் படம் எடுத்தார்கள். செடியையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரு படம். சிலந்தியைத் தொடவில்லை, இலையைத் திருப்பவில்லை.

தொடாமல் விட்டது நல்ல முடிவு. அந்த இடத்தில் ஒரு வடிகால் ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் பூங்கா இணைப்புப் பாதையைச் சேர்ந்தது, மறுபக்கம் அரசு நிலம். எந்த இலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்க்காமல் தெரியாது. தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கும் நிலத்தில் ஆய்வுக்காக எதையும் எடுக்க அனுமதி வேண்டும். சின்னப் பூச்சிதானே என்ற சலுகை கிடையாது. அனுமதியில்லாமல் எடுத்த மாதிரியை வைத்து ஒழுங்கான ஆய்விதழ் எதிலும் எழுதவும் முடியாது.

படம் போதாது என்ற முடிவு

படங்கள் நிபுணர் ஒருவருக்குப் போயின. பதில் சுருக்கமாக வந்தது: பேரினம் சரி, இனத்தைச் சொல்ல முடியாது. இந்தச் சிலந்திகளில் ஒரே இனத்துக்குள்ளேயே நிறமும் திட்டுகளும் மாறும். வளர்ந்த பெண்ணின் வயிற்றடியில் உள்ள எபிஜைன் என்ற இனப்பெருக்க உறுப்பையும், ஆணின் வாயருகே கால் போல நீண்டிருக்கும் பால்ப் என்ற உறுப்பையும் பார்த்தால்தான் பெயர் சொல்லலாம். வளராத சிலந்தியில் இவை முழுமை பெறாததால் அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

நண்பர்கள் வட்டத்தில் சிலர், “சிங்கப்பூரில் முதன்முறை” என்று உடனே அறிவித்துவிடலாம் என்றார்கள். அவர்களின் உற்சாகம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் இந்தப் பதிவுக்காகச் சேர்ந்திருந்த சிறு குழு அதற்கு இணங்கவில்லை. தவறான பெயரோடு ஒரு முதல் பதிவு வெளியானால் அது பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் பரவும். திருத்தம் பின்னால் வந்தாலும் அத்தனை தூரம் போகாது. இடம் வெளியே தெரிந்துவிடும் என்பது அடுத்த கவலை. 1924இல் ஆப்ரகாம் விவரித்த நீலக்கால் டரன்டுலா ‘சிங்கப்பூர் நீலம்’ என்ற பெயரில் வளர்ப்போரிடையே உலகம் முழுக்க விலைபோகிறது. சிர்டராக்னேயை யாரும் வளர்ப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரே ஒரு புதரில் தெரிந்த ஒன்றைத் தேடி இருபது பேர் டார்ச்சோடு வந்தால் புதர் தாங்காது.

இயற்கைப் பதிவுத் தளங்களில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மறைக்கப்பட்ட பதிவு 0.2 பாகை பக்கமுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாகத் தெரியும். நம் ஊர் அட்சரேகையில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் நீளமுள்ள தீவுக்கு அது நல்ல மறைப்புதான். ஆனால் பின்னணியில் தெரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் எண் அந்த மறைப்பை ஒரு நொடியில் கிழித்துவிடும். எனவே சுற்றுப்புறப் படங்கள் குழுவுக்குள்ளேயே இருந்தன.

அனுமதி, எண்ணிக்கை

அனுமதி விண்ணப்பத்தை எழுதும்போதே குழு ஒரு விதி வைத்துக்கொண்டது: பல தனி உயிர்களைப் பார்த்த பிறகே மாதிரி எடுப்பது, எடுத்தாலும் ஒரு பெண், ஒரு ஆண், அதற்கு மேல் இல்லை. தெரிந்த ஒரே ஒன்றை எடுத்துப் புட்டியில் போட்டால் பதிவு கிடைக்கும், அந்த இடத்துச் சிலந்தி போய்விடக்கூடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாதிரி இல்லாமலே செய்யலாம் என்று வாதிட்ட ஒருவரும் குழுவில் இருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மாதிரி இருந்தால்தான் ஐம்பது ஆண்டு கழித்து வருபவர் நாம் சொன்னதைச் சரிபார்க்க முடியும். படத்தை வைத்து எபிஜைனைப் பிரித்துப் பார்க்க முடியாது.

அனுமதி வருவதற்குள் குழு சும்மா இருக்கவில்லை. பாதை ஓரமாகப் பகலில் இலை இலையாகப் பார்த்து, மேலும் சில பெண் சிலந்திகளைக் கண்டார்கள். எல்லாமே சிம்போ ஆயரில் இல்லை. ரெசாம் பெரணி படர்ந்த திறந்த விளிம்பிலும் இருந்தன. தீவின் வேறொரு பகுதியில், முதல் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, இன்னொன்றும் கிடைத்தது. இந்த இரண்டாவது இடம் பின்னால் மிக முக்கியமானது.

வலையைப் பார்த்த இரவுகள்

இயற்கை வனப்பகுதிகள் மாலை 7 மணிக்கு மூடப்படும். நல்லவேளையாக இந்த இடம் அவற்றுக்கு வெளியே இருந்தது. ஆனாலும் இரவு வேலைக்குத் தனியாகத் தெரிவித்து ஒப்புதல் பெற்றார்கள்.

முதலில் போன இரவுகளில் வலையே இல்லை. சிலந்தி இலையைவிட்டு அசையவில்லை. அப்புறம், மழை பெய்து ஓய்ந்து காற்றே இல்லாத ஓர் இரவில், இருட்டிய சில மணி நேரத்தில் அது வேலையைத் தொடங்கியது. வலை ஏறக்குறைய கிடைமட்டமாக இருந்தது. சுருள் இழைகள் வழக்கமான வட்ட வலையில் இருப்பதுபோல் நெருக்கமாக இல்லை. மிகக் குறைவு, ஒவ்வொன்றும் தொய்ந்து தொங்கியது. இழையில் பசைத் துளிகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன.

இந்த வலை அந்துப்பூச்சிக்காகவே அமைந்தது. அந்துப்பூச்சியின் உடல் முழுக்கச் செதில் தூள். சாதாரண வலையில் பட்டால் செதில்கள் மட்டும் பசையில் ஒட்டிக் கழன்றுகொள்ளும், பூச்சி தப்பிவிடும். சிர்டராக்னேயின் பசை செதில்களுக்கு இடையே ஊறி உடலைப் பிடிக்கும். மோதிய வேகத்தில் இழையின் ஒரு முனை எளிதில் அறுந்துகொள்ளும்படி இருக்கிறது. அதனால் வலை கிழிவதில்லை. பூச்சி ஒற்றை இழையில் தொங்கியபடி சுற்றிச் சுற்றிப் பறக்கும். சிலந்தி வந்து இழையைச் சுருட்டி மேலே இழுத்துக்கொள்ளும். கிணற்று வாளியை இழுப்பதுபோல, அவசரமே இல்லாமல். அன்று அதைப் பார்த்தவர்கள் யாரும் நெடுநேரம் பேசவில்லை.

அந்தப் பசை காற்றில் சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும். அதற்கு ஈரப்பதம் தேவை. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டும் என்றாலும், மாலையில் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வலை கண்ட இரவுகள் பெரும்பாலும் மழைக்குப் பின் வந்தவை. இது சில இரவுகளின் கவனிப்பு மட்டுமே, விதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்து தேடுபவர் எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இது உதவும்.

வலையைத் தெளிவாகப் படமெடுக்க மாவு தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை வேண்டாமென்று முடிவு செய்தார்கள். பசையை நம்பிப் பிழைக்கும் உயிரின் அன்றைய சாப்பாட்டை அது கெடுத்துவிடும். பக்கவாட்டில் விளக்கு வைத்தே படமெடுத்தார்கள்.

ஆண் சிலந்தியை அந்த மாணவிதான் கண்டார். பெண் இருந்த இலைக்கு அடுத்த இலையின் விளிம்பில், 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாத ஒரு பழுப்புப் புள்ளி. உருப்பெருக்கியில் பார்த்தபோது பால்ப் உருண்டு திரண்டிருந்தது, வளர்ந்த ஆண்.

நுண்ணோக்கியின் கீழ்

அனுமதி கையில் வந்த பின் ஒரு பெண்ணும் அந்த ஆணும் எடுக்கப்பட்டன. உடல்கள் 75 விழுக்காடு எத்தனாலில். மரபணு ஆய்வுக்காக ஒவ்வொன்றிலும் ஒரு கால் 95 விழுக்காடு எத்தனாலில். இடம், ஆயத்தொலைவு, தேதி, செடி, உயரம், எடுத்தவர் எல்லாம் பென்சிலில் எழுதிய சீட்டு புட்டிக்கு உள்ளேயே போனது. வெளியே ஒட்டும் சீட்டு ஒருநாள் கழன்றுவிடும்.

எபிஜைனைப் பிரித்து, மேல்தசை கரைய லாக்டிக் அமிலத்தில் வைத்து, உள்குழாய்களை வரைந்தார்கள். ஒப்பிட வேண்டிய மூல விவரிப்பு மிகப் பழையது, படமும் சுமாரானது. இது இப்பகுதிச் சிலந்திகளுக்குப் பொதுவான சிக்கல்: தோரெலின் பல மூல மாதிரிகள், அதாவது இனங்களை முதலில் விவரிக்கப் பயன்பட்டவை, இத்தாலியின் ஜெனோவா அரும்பொருளகத்தில் இருக்கின்றன. நிபுணர் மூல மாதிரியின் படங்களைக் கேட்டுப் பெற்று ஒப்பிட்டார். பெண்ணின் உறுப்பு பொருந்தியது. ஆண் இதுவரை யாராலும் விவரிக்கப்படாதது, எனவே ஒப்பிட எதுவுமில்லை.

மரபணு இந்த இடத்தில்தான் உதவியது, அதுவும் ஓரளவுக்கே. சிஓஐ என்ற மரபணுப் பகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்துப்போனது. ஆகவே இரண்டும் ஒரே இனம் என்பதற்கு ஆதாரம் கிடைத்தது. ஆனால் அண்டை நாட்டிலிருந்து அந்த இனத்தின் வரிசை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இனத்தின் பெயரை முடிவு செய்தது எபிஜைன்தான். மரபணு பார்த்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இளையவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய புட்டி

இனி அடுத்த கேள்வி: முன்பு யாரும் பதியவில்லையா? வெளியான பட்டியல்களிலும் பெர்ன் நகரிலிருந்து நடத்தப்படும் உலகச் சிலந்திப் பட்டியலிலும் சிங்கப்பூர் குறிக்கப்படவில்லை. 2022இல் 50,000 இனங்களைத் தாண்டிய பட்டியல் அது. ஆனால் அதில் இருப்பது அச்சில் வந்தது மட்டுமே. அச்சேறாமல் அலமாரியில் கிடப்பது அதில் வராது.

பழைய தொகுப்பு ஒன்றில் ஒரு புட்டி கிடைத்தது. சீட்டில் சிர்டராக்னே என்று மட்டும் இருந்தது. இடம் என்ற வரியில் ‘மலாயா’. ஆண்டு இருந்த மூலை கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் மலாயா என்று எழுதியவர் சிங்கப்பூரையும் சேர்த்து நினைத்தாரா இல்லையா என்று இன்று தீர்மானிக்க வழியில்லை. உள்ளே இருந்ததோ வளராத பெண், எபிஜைன் உருவாகவில்லை. அந்தச் சிலந்தி வடிகாலுக்கு அந்தப் பக்கத்துப் புதரிலிருந்தே வந்திருக்கலாம், இன்றைய மலேசியாவின் ஈப்போவிலிருந்தும் வந்திருக்கலாம்.

அதைப் பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. குறிப்பிட வேண்டும் என்று முடிவானது. அதோடு தலைப்பில் ‘முதல் பதிவு’ என்பதை ‘உறுதி செய்யப்பட்ட முதல் பதிவு’ என்று மாற்றினார்கள். அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததுதான் இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

சொந்த ஊரா, வந்து சேர்ந்ததா

புதிய பதிவு என்றதும் புதிதாக வந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. இங்கே சாலையோரச் செடிகளும் தொட்டிச் செடிகளும் பெருமளவில் வெளியிலிருந்து வருகின்றன. இலையோடு முட்டைப் பையோ குஞ்சோ வருவது கடினமல்ல. முதல் இடத்துக்கு அருகே செடி நாற்றங்கால்களும் இருந்தன.

எதிர்ப்பக்க ஆதாரங்கள் இவை. இரண்டாவது இடத்தின் அருகே நாற்றங்கால் எதுவும் இல்லை. இரண்டு இடங்களிலும் நட்ட செடிகளில் அல்ல, தானாக வளர்ந்த புதர்களிலேயே சிலந்திகள் இருந்தன. வெவ்வேறு பருவத்துக் குஞ்சுகளும் தென்பட்டன. அதாவது இங்கே இனப்பெருக்கம் நடக்கிறது. சிங்கப்பூரை மலேசியாவிலிருந்து பிரிக்கும் ஜொகூர் நீரிணை குறுகலானது, சிலந்திக் குஞ்சுகள் பல இழையைக் காற்றில் விட்டுப் பறந்து போகக்கூடியவை. இவற்றையெல்லாம் வைத்து, இயல்பாகவே இங்கு வாழும் இனமாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று எழுதினார்கள். உறுதியாகச் சொல்லவில்லை. இனப்பெருக்கம் நடப்பது நிலைபெற்றுவிட்டதற்குச் சான்று, எப்போது வந்தது என்பதற்குச் சான்றல்ல.

பின்னர் நடந்தவை

மாதிரிகள் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஒப்படைக்கப்பட்டு எண் பெற்றன. குறுங்கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் இரண்டு கேள்விகள் கேட்டார்: ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்பதற்கு என்ன ஆதாரம், நாற்றங்கால் சாத்தியத்தைப் பார்த்தீர்களா. இரண்டுக்கும் பதில் தயாராக இருந்ததால் திருத்தம் எளிதாக முடிந்தது. கட்டுரையில் இடம் வட்டாரப் பெயரோடு நிற்கிறது; துல்லியமான ஆயத்தொலைவு அரும்பொருளகப் பதிவிலும் பூங்காக் கழகத்துக்கு அளித்த அறிக்கையிலும் மட்டும் உள்ளது.

கட்டுரை வந்த பிறகு வேறு இருவர் தங்கள் பழைய படங்களைக் கிளறி, இதே போன்ற பெண் சிலந்தியைக் காட்டினார்கள். ‘அடையாளம் தெரியாத பூச்சி’ என்று வைத்திருந்தவை. இனத்தை உறுதி செய்ய முடியாது, ஆனால் தேடவேண்டிய புதிய இடங்கள் தெரிந்தன.

பாதையோரப் புதர்களைச் சீராக வெட்டும் வேலை அட்டவணையில் இருந்தது. நடைபாதைக்குப் பார்வை மறைக்காத பக்கத்தில் சிம்போ ஆயரை விட்டுவைக்கும்படி கேட்டார்கள். ஒரு பகுதிக்கு ஒத்துக்கொண்டார்கள். பாதசாரிகளின் பாதுகாப்புக்காக மறுபக்கம் வெட்டப்பட்டது. அங்கிருந்த சிலந்திகளைப் பிறகு காணவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

அலமாரித் தேடலை அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்தே தொடங்கலாம். காத்திருக்கும் வாரங்கள் அதற்குச் சரியாக இருக்கும். பழைய புட்டி முதலிலேயே தெரிந்திருந்தால் ‘மலாயா’ சீட்டின் கையெழுத்தை அடையாளம் காணக்கூடிய மூத்தவர்களைத் தேட நேரம் கிடைத்திருக்கும்.

இரவுக் குறிப்பில் ஈரப்பதமானி அளவைக் கட்டாயமாக்க வேண்டும். மழைக்குப் பின் வலை என்று வாயால் சொல்வதற்கும் எண்ணோடு சொல்வதற்கும் வித்தியாசம் நிறைய.

ஆணைத் தேட, பெண் இருக்கும் இலையைச் சுற்றி ஒரு கை தூரத்துக்குள் இருக்கும் எல்லா இலைகளின் விளிம்பையும் இரவில் தலைவிளக்கோடு பார்க்க வேண்டும். இதைப் பகலில் செய்து பயனில்லை.

புதர் வெட்டும் அட்டவணையைக் கட்டுரைக்குப் பிறகு அல்ல, முதல் சிலந்தி தெரிந்த வாரமே கேட்டு வாங்க வேண்டும். பதிவு வெளியாகும் வரை காத்திருந்தால் பதிவு செய்த செடி நிற்காது. குழு இப்போது தன் களப்படிவத்தில் நிலம் யார் பொறுப்பு, அடுத்த வெட்டு எப்போது என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்திருக்கிறது. ஆணின் அளவுகளும் பால்ப் வரைபடங்களும் தனிக் கட்டுரையாகத் தயாராகின்றன. வரைபவர் அந்த மாணவி.